எங்கள் பிள்ளைகளின் கலங்களை அழித்துவிடாதீர்கள்: ஆஸ்துமா ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

கடந்த மாதம் உங்களிடமிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே எழுதப்பட்டிருந்த அந்த ஒற்றைத் தாளில் இரண்டு முடிவுகள் அறிவிக்கப்பட்டிருந்தன. செலவு காரணமாக ஆய்வின் மரபணு வெளிப்பாட்டுப் பகுதி, அதாவது எந்த மரபணு ஒரு கலத்தில் எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் பகுதி, கைவிடப்படுகிறது என்றும், பிள்ளைகளின் மூக்கிலிருந்து எடுக்கப்பட்ட கல மாதிரிகள் இவ்வாண்டு இறுதியில் அழிக்கப்படும் என்றும் முதலாவது முடிவு கூறுகிறது. தமிழ் வினாக்கொத்தை நிரப்பிய குடும்பங்களின் விடைகள் நம்பகமற்றவையாகக் காணப்பட்டதால் அக்குடும்பங்கள் பகுப்பாய்வில் சேர்க்கப்படமாட்டா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் மகன் உங்கள் ஆய்விலிருந்து முழுமையாக நீக்கப்பட்டுவிட்டான். இதுபற்றி இருமுறை எழுதினேன். பதில் வரவில்லை. ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி இதனை எழுதுகிறேன்.

நான் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் வசிப்பவள், உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிப்பவள். பாடநூலில் நாங்கள் பரம்பரையலகு என்று சொல்வதை இம்மடலில் எல்லோருக்கும் விளங்கும்படி மரபணு என்றே எழுதுகிறேன். என் மகனுக்கு இரண்டரை வயதில் தொடங்கிய தொய்வு, அதாவது ஆஸ்துமா, இன்னும் விடவில்லை. நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும் அவனுடைய புத்தகப் பையிலேயே இருக்கும். அவனுடைய அப்பாவுக்கும் சிறுவயதில் இதே வருத்தம் இருந்தது. இது குடும்பத்தில் ஏன் இறங்குகிறது, ஏன் ஒரு பிள்ளைக்கு வந்து மற்றப் பிள்ளைக்கு வராமல் போகிறது என்று கேட்காத தாய் எங்கள் கிளினிக் வரிசையில் ஒருவரும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதாகச் சொல்லித்தான் நீங்கள் எங்களை அழைத்தீர்கள்.

மாதிரி எடுத்த சனிக்கிழமை காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். அதற்கு அவன் பழகியவன். பிறகு தாதி ஒரு மெல்லிய தூரிகையை அவனுடைய வலது மூக்குத் துவாரத்தினுள் செலுத்தி, உள்ளே பக்கவாட்டில் வைத்து நான்கைந்து முறை சுழற்றினார். அவன் என் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டான், கண்களிலிருந்து நீர் வழிந்தது. தாதி தூரிகையின் நுனியைத் திரவம் நிறைந்த ஒரு சிறு குழாய்க்குள் வெட்டிப் போட்டு, மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். பேருந்தில் திரும்பும்போது, இரத்தம் எடுத்த பிறகு மூக்கிலும் ஏன் எடுத்தார்கள் என்று மகன் கேட்டான். உடம்பின் கலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது, ஒரு வீட்டில் எல்லா அறைகளுக்கும் மின்கம்பி ஓடுவதுபோல. ஆனால் எந்த அறையில் எந்த விளக்கு எரிகிறது, எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதை அந்த அறைக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும், தொய்வு வருவது மூச்சுக்குழாயில் என்பதால் அவர்கள் அங்கே பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அன்று நான் அவனுக்குச் சொன்னது பொய்யாகிவிடக்கூடாது.

முதலில் வினாக்கொத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்களை நீக்குவதற்கு நீங்கள் காட்டிய காரணம் அதுவே. தமிழ்ப் படிவத்தின் முக்கியமான வினா இவ்வாறு இருந்தது: “கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் பிள்ளை மார்பில் விசில் அடித்ததா?” என் பக்கத்தில் முகத்துவாரத்திலிருந்து வந்த ஒரு தாய் அமர்ந்திருந்தார். அவருடைய மகள் அந்த மாதத்திலேயே இரண்டு முறை வார்ட்டில் இருந்த பிள்ளை. அவர் “இல்லை” என்பதற்கு நேரே அடையாளம் இட்டார். ஏன் என்று கேட்டேன். “விசிலெல்லாம் அவளுக்கு அடிக்கத் தெரியாது டீச்சர். இரவில இழுப்பு வந்தா நெஞ்சு கீச்சுக் கீச்செண்டு கேக்கும், அவ்வளவுதான்” என்றார். எங்கள் மக்கள் இழுப்பு என்பார்கள், தொய்வு என்பார்கள், முட்டு என்பார்கள். விசில் என்று எவரும் சொல்வதில்லை. இதனை அங்கிருந்த ஆய்வு உதவியாளரிடம் உடனே சொன்னேன். படிவம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, இனி மாற்றமுடியாது என்று அவர் பதிலளித்தார்.

இதன் விளைவை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை, ஆயினும் மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். மரபணுத் தொடர்பு ஆய்வு என்பது, நோய் உள்ளவர்களிடம் ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ. மாறல் (ஆளுக்கு ஆள் டி.என்.ஏ.யில் காணப்படும் சிறு வேறுபாடு) எத்தனை வீதம் காணப்படுகிறது, நோய் இல்லாதவர்களிடம் எத்தனை வீதம் காணப்படுகிறது என்று இலட்சக்கணக்கான இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூச்சுத் திணறும் பிள்ளை, மொழிபெயர்ப்புப் பிழையினால் “நோய் இல்லாதவர்” பக்கம் போய்விட்டால், இரு பக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையான வேறுபாடு மங்கிவிடும். அந்தக் குழப்பத்தை நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஆனால் அதற்குக் காரணம் தமிழ்க் குடும்பங்களின் நம்பகமின்மை என்று எழுதியதை நான் ஏற்கமுடியாது. பிழை வினாவில் இருந்தது. அதைத் திருத்தும் வழியும் எங்கள் கைகளிலேயே இருந்தது: ஒவ்வொரு தாயின் பையிலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. பிள்ளைக்கு என்ன நோய் என்பதையும், எப்போது வார்ட்டில் அனுமதிக்கப்பட்டது, எந்தப் பம்ப் எத்தனை தடவை என்பதையும் வைத்தியர்களே தங்கள் கையெழுத்தில் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொப்பியை எவரும் கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தமிழரின் சுவாசக்குழாய் வேறு, சிங்களவரின் சுவாசக்குழாய் வேறு என்று நான் வாதிடவில்லை. இத்தீவின் மக்கள் மரபுவழியில் ஒருவருக்கொருவர் மிக நெருங்கியவர்கள். ஆகவேதான், ஒரு மொழியில் படிவம் பிழைத்துவிட்டது என்பதற்காக அம்மொழி பேசும் பிள்ளைகளை, அவர்கள் யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்களாக இருந்தாலும் மலையகத்தவராக இருந்தாலும் கொழும்பு முஸ்லிம்களாக இருந்தாலும், ஒட்டுமொத்தமாக நீக்குவதற்கு உயிரியலில் எந்த நியாயமும் இல்லை.

இனி மூக்கு மாதிரிகளுக்கு வருகிறேன். வெளிப்பாட்டை நேரடியாக அளக்காமல், வெளிநாட்டுத் தரவுகளில் உருவான கணிப்பு மாதிரிகளை, அதாவது கணினிக் கணக்கு முறைகளைக் கொண்டு டி.என்.ஏ.யிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. இந்தத் துறை கடந்து வந்த பாதை இதற்கு நேர்மாறான பாடத்தையே தருகிறது.

2007இல், சிறுவயதில் ஆஸ்துமா தொடங்கிய 994 பேரையும் நோயற்ற 1,243 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, 17ஆம் நிறமூர்த்தத்தின் (குரோமோசோமின்) நீண்ட கரத்தில் ஒரு பகுதியை முதன்முதலாக அடையாளம் காட்டியது. அந்தப் பகுதியில் பல மரபணுக்கள் அருகருகே கிடக்கின்றன. மாறல் இருக்கும் இடம் தெரிந்ததே தவிர, குற்றவாளி எந்த மரபணு என்பது டி.என்.ஏ.யை மட்டும் பார்த்துத் தெரியவில்லை. ஆகவே அதே ஆய்வாளர்கள் பிள்ளைகளின் வெண்குருதிக் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த கல வரிசைகளில் வெளிப்பாட்டை அளந்தார்கள், ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்ற மரபணுவின் அளவு அந்த மாறல்களோடு சேர்ந்து மாறுவதைக் கண்டார்கள். 2010இல் 10,365 நோயாளரையும் 16,110 நோயற்றவரையும் கொண்ட ஐரோப்பியக் கூட்டாய்வு, இந்தப் பகுதியின் தாக்கம் சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவுக்கே உரியது என்று காட்டியது. என் மகனுடைய ஆஸ்துமா அந்த வகையைச் சேர்ந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஐரோப்பியரிடம் அந்தப் பகுதியின் மாறல்கள் ஒரு கட்டாகச் சேர்ந்தே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகின்றன. எத்தனை ஆயிரம் ஐரோப்பியரைச் சேர்த்தாலும் அந்தக் கட்டை அவிழ்ப்பது கடினம். ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அந்தக் கட்டுகள் குறுகியவை. 2020இல் ஆபிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளிடம், மரபணுத் தொடர்பையும் வெளிப்பாட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு, இரத்தக் கலங்களோடு நிற்காமல் சுவாசப்பாதையின் மேலணிக் கலங்களையும், அதாவது அதன் உட்பரப்பை மூடியிருக்கும் கலங்களையும், எடுத்துப் பார்த்தது. அங்கே அதன் விரல் சுட்டியது பக்கத்து மரபணுவான ஜி.எஸ்.டி.எம்.பி.யை. பதின்மூன்று ஆண்டுகளாகப் பேசப்பட்டுவந்த ஓர் இடத்தைப் பற்றி, அதுவரை போதியளவு பார்க்கப்படாத பிள்ளைகளும், நோய் நிகழும் இழையத்தின் கலங்களும் சேர்ந்தபோதுதான் இந்தத் தெளிவு கிடைத்தது. நீங்கள் எங்களிடமிருந்து பெற்றதும் இவ்விரண்டையும்தான். இரண்டையும் ஒரே கடிதத்தில் விலக்கிவிட்டீர்கள்.

இரத்தம் மட்டும் போதாது என்பதற்கு இன்னுமோர் உதாரணம் இருக்கிறது. 2014இல், சிறு பிள்ளைகளை வைத்தியசாலை வரை கொண்டுசெல்லும் கடுமையான ஆஸ்துமாவோடு சி.டி.எச்.ஆர்.3 என்ற மரபணு தொடர்புபடுத்தப்பட்டது. அது சுவாசப்பாதையின் மேலணியில் நன்கு வெளிப்படும் மரபணு. தடிமனை உண்டாக்கும் ரைனோவைரஸின் சி வகை கலத்தினுள் நுழைய அதுவே வாசல் என்று அடுத்த ஆண்டு தெரியவந்தது. தடிமன் பிடித்து இரண்டாம் நாள் இரவு இழுப்பு வரும் என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள். அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டிய இடம் மூக்கு. பத்து வயதுப் பிள்ளையின் நுரையீரலுக்குள் குழாய் விட்டு ஆய்வுக்காக மாதிரி எடுக்க எவரும் சம்மதிக்கமாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. மூக்கின் மேலணி, கீழே உள்ள சுவாசக்குழாயின் நிலையைப் பெருமளவுக்குக் காட்டுகிறது என்பதால்தான் உலகெங்கும் பிள்ளைகளிடம் இந்தத் தூரிகையைப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் நம்பப்போகும் கணிப்பு மாதிரிகள் எங்கிருந்து வந்தவை என்பதையும் பார்ப்போம். அவற்றில் பெரும்பாலானவை ஜி.டெக்ஸ் என்ற அமெரிக்கத் தொகுப்பில் பயிற்றப்பட்டவை. 2020இல் வெளியான அதன் இறுதிப் பகுப்பாய்வில் 838 பேரின் இழையங்கள் இருந்தன. அவர்களில் சுமார் 85 வீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். எல்லோரும் வளர்ந்தவர்கள், எல்லோரும் இறந்த பின்னர் இழையம் தானம் செய்யப்பட்டவர்கள். நுரையீரல் அதில் இருக்கிறது. மூக்கின் மேலணி இல்லை. பிள்ளைகள் ஒருவரும் இல்லை. இறந்த அமெரிக்கரின் நுரையீரலிலிருந்து கற்ற கணக்கைக் கொண்டு, கொட்டாஞ்சேனையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் சுவாசப்பாதையை ஊகிப்பது, உண்மையான மாதிரி கையில் இல்லாதபோது செய்யக்கூடிய காரியம். உங்களிடம் உண்மையான மாதிரி குளிரூட்டியில் இருக்கிறது.

ஆஸ்துமாவுக்கான மிகப் பெரிய கூட்டாய்வுகளில் ஒன்று 2018இல் வெளியானது: 23,948 நோயாளர், 118,538 நோயற்றவர். ஐரோப்பிய, ஆபிரிக்க, ஜப்பானிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அதில் இருந்தார்கள். தெற்காசியர் என்ற பிரிவு அதில் இருக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு செய்யப்பட்ட ஒரு கணக்கின்படி, உலகின் இவ்வகை ஆய்வுகள் அனைத்திலும் பங்கேற்றவர்களில் சுமார் 79 வீதத்தினர் ஐரோப்பியர். உலகத் தரவுத்தொகுப்புகளில் எங்களை நான் தேடிப் பார்த்தேன். பல நாட்டவரின் டி.என்.ஏ.யை வாசித்து 2015இல் நிறைவடைந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் (1000 Genomes) 2,504 பேரில் 102 பேர் இலங்கைத் தமிழர். அவர்கள் ஐக்கிய இராச்சியத்தில் வாழ்பவர்கள். அங்கிருப்பதும் இரத்தத்திலிருந்து வளர்த்த கல வரிசைகள். அந்தத் திட்டம் எவருடைய நோய் விபரத்தையும் சேகரிக்கவில்லை. எங்கள் டி.என்.ஏ.யை உலகம் ஐக்கிய இராச்சியத்தில் வாழ்பவர்களிடமிருந்து பெற்றுப் படித்தது. கொழும்பில் எங்கள் பிள்ளைகளிடமிருந்து எடுத்ததைக் கொழும்பே அழிக்கப்போகிறது என்ற செய்தியை எப்படி அமைதியாக வாசித்துவிட்டுப் போவது?

வெளிப்பாட்டை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், பிள்ளையின் சூழல் தன் தடத்தைப் பதிக்கும் இடம் அது என்பது. டி.என்.ஏ. பிறந்த நாளிலிருந்து மாறுவதில்லை. புகை, தடிமன், ஈரச்சுவர்ப் பூஞ்சை, நுளம்புச்சுருள் ஆகியவற்றுக்குக் கலம் என்ன மறுமொழி கொடுக்கிறது என்பது வெளிப்பாட்டில் தெரியும். 17ஆம் நிறமூர்த்தத்தின் அதே மாறல்களால் வரும் ஆபத்து, பச்சைப் பருவத்திலேயே வீட்டில் சிகரெட் புகையைச் சுவாசித்த பிள்ளைகளிடம் மேலும் கூடுகிறது என்று 2008இலேயே காட்டப்பட்டது. எங்கள் வீட்டு யன்னலுக்குக் கீழே துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லொறிகள் இயந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் நிற்கின்றன. நான் காலையில் துடைத்த யன்னல் விளிம்பில் மாலையில் விரலால் கோடு கிழிக்கலாம்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நாட்களில் ஓர் இரவு, தொடர்மாடியில் எல்லோரும் ஜெனரேட்டரையும் மண்ணெண்ணெய் விளக்கையும் நுளம்புச்சுருளையும் நம்பியிருந்த நேரத்தில், மகனுக்கு இழுப்பு வந்தது. வீட்டிலிருந்த நெபுலைசர் இயங்கவில்லை. பம்பில் எத்தனை அழுத்தம் மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை. பெட்ரோல் இல்லாததால் முச்சக்கர வண்டிகள் வரவில்லை. அவனுடைய அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுபடுவதைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன். அதே தொடர்மாடியில் அதே புகையைச் சுவாசித்த மற்றப் பிள்ளைகள் அன்றிரவு உறங்கினார்கள். ஒரே புகை ஒரு பிள்ளையை மட்டும் ஏன் இப்படிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு, மரபணுவையும் வெளிப்பாட்டையும் ஒன்றாக வைத்தே நெருங்கமுடியும்.

எண்ணிக்கை போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். தொடர்பு ஆய்வுக்குப் பல்லாயிரம் பேர் தேவை என்பது உண்மை. ஆனால் ஒரு மாறல் தன் அருகிலுள்ள மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று அறிவதற்கு அத்தனை பேர் தேவையில்லை, ஏனெனில் அந்த விளைவுகள் பெரியவை. சில நூறு பேரில் அவை தெளிவாகத் தெரியும். 2013இல் ஐந்து மக்கட்குழுக்களைச் சேர்ந்த 462 பேரின் கலங்களை மட்டும் கொண்டு செய்த ஆய்வு, ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு அப்படிப்பட்ட தொடர்புகளைக் காட்டியது. எங்களைப் போன்ற சிறு நாட்டின் சிறு ஆய்வு ஒன்று உலகத்துக்குப் புதிதாக ஏதாவது சொல்லமுடியுமென்றால், அது கைவிடப்பட்ட இந்தப் பகுதியிலேதான்.

பணம் இப்போது இல்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பணம் இல்லாமை மாதிரியை அழிக்கும் காரணமாகாது. வெளிப்பாட்டை அளக்க வாசிக்கப்படும் ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும் பொருள் என்பதால்தான் அன்று அந்தத் தூரிகை நுனி உடனே திரவத்தினுள் போடப்பட்டது. முறையாக மறை 80 பாகை செல்சியஸில் வைத்திருந்தால் அது ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒருமுறை வெளியே எடுத்து வீசினால் அந்த வயதில், அந்தப் பிள்ளையின் அந்தச் சுவாசப்பாதையைத் திரும்பப் பெற எந்த நிதியாலும் முடியாது. முகத்துவாரத்துத் தாய் அன்று ஒரு நாள் கூலியை இழந்து வந்திருந்தார். அந்தச் செலவு உங்கள் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

எங்கள் சம்மதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தில், மாதிரிகள் வெளிப்பாட்டு ஆய்வுக்குப் பயன்படுத்தப்படும் என்றுதான் இருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட பாதுகாப்புக்குரிய வகையாக வைக்கிறது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. எங்கள் பிள்ளைகளின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்றின் முடிவை, எங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கேட்காமல் நீங்களே தீர்மானித்திருக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. மூக்குக் கல மாதிரிகளை அழிக்கும் தீர்மானத்தை உடனடியாக நிறுத்திவையுங்கள். நிறுத்திவிட்டீர்கள் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். எல்லாவற்றையும் வாசிக்கப் பணமில்லையென்றால், கிளினிக் கொப்பியால் நோய் உறுதிப்பட்ட பிள்ளைகளிலிருந்தும் நோயற்ற பிள்ளைகளிலிருந்தும் ஒரு பகுதியினரின் ஆர்.என்.ஏ.யையாவது முதலில் வாசியுங்கள், மிகுதியைக் குளிரிலேயே பாதுகாத்து வையுங்கள். தமிழ் வினாக்கொத்தை நிரப்பிய குடும்பங்களை மீண்டும் அழையுங்கள். கிளினிக் கொப்பியோடு வருமாறு சொல்லுங்கள். இழுப்பு, தொய்வு, முட்டு என்ற சொற்களால் திருத்தப்பட்ட படிவத்தை, கிளினிக்கில் தமிழ் பேசி வேலை செய்யும் ஒரு தாதியிடம் கொடுத்துச் சரிபார்த்த பின் தாருங்கள். அந்தத் திருத்தத்தில் உதவ நானும் என்னோடு கற்பிக்கும் இரு ஆசிரியர்களும் சம்பளமின்றி வரத் தயாராக இருக்கிறோம். வெளிநாட்டுக் கணிப்பு மாதிரிகளைப் பயன்படுத்துவதாயின், அவை எவரிடமிருந்து உருவானவை, எங்கள் பிள்ளைகளில் எத்தனை தூரம் சரிவந்தன என்பதை உண்மையான மாதிரிகளோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். இனி எங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் தமிழிலும் இருக்கவேண்டும். மேற்பார்வைக் குழுவில் பெற்றோர் இருவருக்கு இடம் வேண்டும். அவர்களில் ஒருவர் தமிழ் பேசுபவராக இருக்கவேண்டும்.

இவ்வாண்டு இறுதிக்கு முன்னர், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழில் ஒரு கூட்டம் வையுங்கள். முகத்துவாரத்துத் தாயையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். அவருடைய மகளின் விடையை அவரே உங்களுக்குத் திருத்திச் சொல்வார்.

இப்படிக்கு,
ஆய்வில் பங்கேற்ற ஒரு மாணவனின் தாய்,
உயர்தர உயிரியல் ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.